பதினாறடிக் கோலம்

மலாக்காவின் புக்கிட் காத்தில் வட்டாரத்தில் தீபாவளிக்கு அரிசிக் கோலம் போட வேண்டுமென்றால் திலகவதியைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வழக்கம். கோயில் மண்டபமோ, கிளினிக்கோ, செங் பகுதியில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் முன்கூடமோ, எங்கே போட்டாலும் எட்டடிக்கு எட்டடி. அந்த அளவுக்கென்றே வெட்டிய நீலநிற பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று அவள் வீட்டில் மடித்த மேனிக்கு இருக்கும். அதைத் தரையில் விரித்து, சாக்கட்டியால் மயிலோ தாமரையோ வரைந்து, சாயமேற்றிக் காயவைத்த குருணை அரிசியைப் பரப்புவாள். பத்துக் கிலோ மூட்டையில் இரண்டரை மூட்டை பிடிக்கும். கோலம் முடியும்போது கிண்ணங்களில் ஒரு பிடி அரிசிதான் மிஞ்சும்.

அந்த ஒரு பிடிதான் அவளுடைய பெருமை. மயில் கழுத்தை அவளைவிட அழகாக வளைக்கிறவர்கள் மலாக்காவில் பத்துப் பேராவது இருப்பார்கள். அது அவளுக்கே தெரியும். அளவில் மட்டும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோயில் மகளிர் பிரிவுத் தலைவி கோமளா, திலகா ஒரு அளவு சொன்னால் தராசே வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொல்லுவாள். திலகவதி “அட போங்கக்கா” என்பாள். வீட்டுக்குப் போன பிறகு அதையே எடுத்து வைத்து இரண்டு தடவை நினைத்துப் பார்த்துக்கொள்வாள்.

ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அப்பா ரங்கசாமி பால்மரம் வெட்டினார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றிலிருந்து இருபது வரை வர்க்கம் ஒப்பிக்கச் சொன்னால் திலகவதிதான் முதலில் எழுந்து நிற்பாள். எட்டின் வர்க்கம் அறுபத்து நாலு, ஒன்பதின் வர்க்கம் எண்பத்தொன்று என்று தொடங்கி, பதினாறின் வர்க்கம் இருநூற்று ஐம்பத்தாறைத் தாண்டி, இருபதில் போய்த்தான் மூச்சு விடுவாள். ஒரு வருடம் மேடையில் ஏற்றிப் பென்சில் பெட்டி பரிசு கொடுத்தார்கள். வர்க்கம் என்றால் சதுரம், நாலு பக்கமும் ஒரே நீளமாக இருக்கும் ஒரு துண்டுத் தரை, அதை எத்தனை கட்டம் போட்டு நிரப்பலாம் என்பதுதான் அந்த எண் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பரிசு கிடைத்துவிட்ட பிறகு எதைக் கேட்பது?

படிப்பு உயர்நிலைப் பள்ளி மூன்றாம் படிவத்தோடு நின்றது. பதினேழு வயதில் செங் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இப்போது ஐம்பத்து நாலு வயது, லைன் லீடர். கணவர் பாலகிருஷ்ணன் லாரி ஓட்டியவர், போய் ஒன்பது வருடமாகிறது. ஒரே மகன் நிவேந்திரனுக்கு சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் டெக்னீஷியன் வேலை. கடனில்லாத டெரஸ் வரிசை வீடு, கோயிலில் முதல் வரிசை, ஊரில் நல்ல பேர். குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை என்றுதான் போன தீபாவளி வரைக்கும் அவளும் நினைத்திருந்தாள்.

போன தீபாவளிக்குத்தான் நகரத்து மால் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. மேனேஜர் ஒரு சீன இளைஞர், மரியாதையானவர். மூன்று மாடியிலிருந்தும் எட்டிப் பார்த்தால் தெரிய வேண்டும், பதினாறடிக்குப் பதினாறடி போட முடியுமா, எவ்வளவு அரிசி வாங்கட்டும் என்று கேட்டார். பதினாறு, எட்டுக்கு இரண்டு மடங்கு. இரண்டரையின் இரண்டு மடங்கு ஐந்து. திலகவதி கண் சிமிட்டாமல் ஐந்து மூட்டை என்றாள். அவர் போனில் ஏதோ தட்டப் போனபோது, கணக்கெல்லாம் வேண்டாம், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று தடுத்துவிட்டாள். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

சாயம் போடுவது எப்போதும் தேவமலர். அதே தொழிற்சாலையில் கிளீனர் வேலை, வயது நாற்பத்தொன்று, இரண்டு பெண் பிள்ளைகளோடு ஃப்ளாட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். கணவன் எங்கே என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டாள். சாயம் ஏற்றுவதில் கெட்டிக்காரி. மயில்கழுத்து நீலம் அவள் கையில்தான் சரியாக இறங்கும். கோயில் அன்னதானத்துக்கு வரும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் இருக்கிற ஸ்டோர் சாவி ஆறு வருடமாக அவள் இடுப்பில்தான் இருந்தது. ஒரு டின் பால் குறைந்ததாகக்கூட யாரும் சொன்னதில்லை.

ஐந்து மூட்டையும் தேவமலர் வீட்டுக்குப் போயின. இரண்டு நாள் லீவு போட்டு, ஃப்ளாட் நடைபாதை நெடுகப் பாய் விரித்துக் காயவைத்து, ஏழு நிறமாகப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி மாலுக்குக் கொண்டுவந்தாள். வழக்கம்போல யாரும் எடை போடவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. பழைய விரிப்பு இந்த அளவுக்குக் காணாது என்பதால், கயிறு பிடித்து நேராகத் தரையிலேயே கோடு போட்டாள் திலகவதி. கோயில் பெண்கள் பன்னிரண்டு பேர் உதவிக்கு வந்திருந்தார்கள். மேல்விளிம்பிலிருந்து ஆரம்பித்துக் கீழே நிரப்பிக்கொண்டே வந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு நீலப் பை காலி. அடுத்து பச்சை. நாலரைக்கு எல்லாப் பைகளையும் உதறிப் பார்த்தாகிவிட்டது. கோலம் மிகச் சரியாகப் பாதியில் நின்றது. மயிலுக்குத் தலை இருந்தது, கழுத்து இருந்தது, வயிற்றுக்குக் கீழே வெறும் சாக்கட்டிக் கோடு.

மாடிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். மேனேஜர் வந்து, என்ன ஆச்சு ஆன்ட்டி என்று மெதுவாகத்தான் கேட்டார். கோமளாவும் அவள் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிடி கூடத் தவறாத திலகவதிக்கு அந்தக் கணத்தில் ஒரே ஒரு கணக்குதான் ஓடியது. ஐந்து மூட்டை போதும். பாதிதான் நிரம்பியிருக்கிறது. ஆக, பாதி அரிசி வரவில்லை. அரிசி யார் வீட்டுக்குப் போய் வந்தது?

அவள் கோபத்தில் கத்தியிருந்தாலாவது கோபத்தில் சொன்னது என்று ஆகியிருக்கும். அவள் கத்தவில்லை. தேவமலரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தன்மையாகக் கேட்டாள்.

“மலரு, வீட்டுக் கஷ்டம்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. சாமி காரியத்து அரிசியில கை வைக்கலாமா?”

தேவமலருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த காலிப் பையைக் கீழே வைத்தாள்.

“நீங்க குடுத்த அஞ்சு மூட்டையும் அப்படியே கொண்டாந்துட்டேன்கா.”

“அஞ்சு வந்திருந்தா எப்படி பாதியில நிக்கும்? என் கணக்கு என்னைக்காச்சும் தப்பியிருக்கா?”

தப்பியதே இல்லை என்று பின்னாலிருந்து இரண்டு பேர் சொன்னார்கள். தேவமலர் திரும்பிக்கொண்டாள். அவளுடைய பெரிய பெண்ணும் உதவிக்கு வந்திருந்தது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு எஸ்கலேட்டர் பக்கம் நடந்தாள். இரண்டு பேர் விரலிலும் மூன்று நாள் சாயம் இன்னும் போகாமல் இருந்தது. அதைக் காட்டி யாரோ ஏதோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். திலகவதி சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

புதிதாக அரிசி வாங்கிச் சாயம் போட்டால் காய ஒரு முழுப் பகல் வேண்டும். திறப்போ காலை பத்து மணிக்கு. காலியாகக் கிடக்கிற பாதியை எதைக் கொண்டாவது மறைத்து, அதன்மேல் குத்துவிளக்கும் பூந்தொட்டியும் வைத்துச் சமாளிக்கலாம் என்று மேனேஜர் சொன்னார். திலகவதிக்குத் தன் நீல விரிப்பு ஞாபகம் வந்தது. பாதிக் கோலம்தானே காலி, எட்டடி விரிப்பு சரியாக மூடிவிடும் என்று நினைத்தாள். மறுநாள் காலை ஏழரைக்கு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மாலுக்குப் போனாள்.

காலிப் பாதியின் இடது மூலையில் விரிப்பை வைத்துப் பிரித்தாள். அது பாதியில் முடிந்துவிட்டது. இன்னும் அதே அளவு தரை வலது பக்கம் காலியாகக் கிடந்தது. விரிப்பு எங்கேயாவது மடிந்திருக்கும் என்று ஓரங்களை நீவிப் பார்த்தாள். மடியவில்லை. தூக்கி வலது பக்கம் போட்டாள். இப்போது இடது பக்கம் காலி. காலியான பாதிக்கு மட்டுமே இரண்டு விரிப்பு வேண்டும். நிமிர்ந்து, அரிசி நிரம்பிய மேல்பாதியைப் பார்த்தாள். அதற்கும் இரண்டு.

மொத்தம் நாலு. ஒரு விரிப்புக்கு இரண்டரை மூட்டை என்று இருபத்திரண்டு வருடமாக அவள் கைக்குத் தெரியும். நாலு விரிப்புக்குப் பத்து மூட்டை. அவள் கேட்டு வாங்கியது ஐந்து. ஐந்து மூட்டை இரண்டு விரிப்பைத்தான் நிரப்பும், நிரப்பியிருந்தது. ஒரு பிடி குறையவில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டின் வர்க்கம் அறுபத்து நாலு, பதினாறின் வர்க்கம் இருநூற்று ஐம்பத்தாறு என்று பத்து வயதில் ஒப்பித்த வாய் தானாக முணுமுணுத்தது. அறுபத்து நாலை நாலு தடவை போட்டால் இருநூற்று ஐம்பத்தாறு. இரண்டு எண்ணும் இத்தனை வருடம் நாக்கிலேயே கிடந்தும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்ததே இல்லை. பக்கத்தை இரட்டித்தால் நீளமும் இரட்டும், அகலமும் இரட்டும். ஒரு கோலம் நாலு கோலமாகும். இதைக்கூடப் பார்க்கத் தெரியாத கணக்கை நம்பித்தான் ஒருத்தியைத் திருடியாக்கியிருந்தாள்.

அப்போதே போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மேனேஜர் வந்தார், இன்னொரு துணி கொண்டுவந்து மீதியை மூடினார், விளக்குகள் வந்தன, பத்து மணிக்கு நாதஸ்வரத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். தொட்டிகளுக்கு நடுவிலிருந்து மயில் எட்டிப் பார்க்கிற மாதிரி வேண்டுமென்றே செய்த வேலைப்பாடு என்று ஒரு பெரிய மனிதர் பாராட்டினார். திலகவதிக்குச் சால்வை போட்டார்கள். அவள் போட்டுக்கொண்டாள். படத்துக்கு நிற்கச் சொன்னார்கள். நின்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் கோமளா சத்தம் போடாமல் தேவமலரிடமிருந்து ஸ்டோர் சாவியை வாங்கிக்கொண்டாள். இனிமேல் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏதோ காரணம் சொன்னாள். தேவமலர் கேள்வி கேட்காமல் அவிழ்த்துக் கொடுத்தாள். முதல் வரிசையிலிருந்து திலகவதி அதைப் பார்த்தாள். எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று கையைத் தரையில் ஊன்றினாள். தீபாராதனை மணி அடித்ததும் அதையே சாக்காக வைத்துக் கும்பிட்டுக்கொண்டாள்.

தொழிற்சாலைக்கும் பேச்சு பரவியிருந்தது, அங்கே அதைவிட மோசம். தேவமலர் துடைப்பக் குச்சியோடு லைன் பக்கம் வந்தால் பெண்கள் கைப்பையை மேஜைக்கு அடியில் தள்ளினார்கள். தேவமலர் அதைக் கவனிக்காத மாதிரி துடைத்துக்கொண்டு போவாள். திலகவதிக்கு மட்டும், அக்கா என்று எப்போதும்போலத் தலையை அசைப்பாள். அந்தத் தலையசைப்புக்குப் பயந்தே திலகவதி ரெஸ்ட் நேரத்தை மாற்றிக்கொண்டாள். ஒரு லைன் லீடர் கிளீனருக்குப் பயந்து ஒளிகிறாள் என்று யாருக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தது, அது போதும்.

ஒரு சாயங்காலம், சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனிடம் யாரோ கேட்டதாகச் சொல்லிக் கேட்டாள். எட்டடிக்கு இருபத்தைந்து கிலோ ஆகிறது, ஐம்பது கிலோவை வைத்து எத்தனை அடிக் கோலம் போடலாம்? தான் கணக்கிட்டது ஏதாவது ஒரு வழியில் சரியாகிவிடாதா என்று இன்னும் ஒரு நப்பாசை அவளுக்கு. நிவேந்திரன் போனை எடுத்துத் தட்டினான்.

“எட்டோட குவாசா டுவா, அதான் எட்டெட்டு, அறுபத்து நாலு. அதுக்கு டபுள் நூத்து இருபத்தெட்டு. அதுக்கு ரூட் போட்டா பதினொன்னு புள்ளி மூணு. பதினோரடி நாலு இஞ்ச் வரும்மா.”

பதினாறு வராதா என்று கேட்டாள். வரவே வராது என்று சிரித்தான். இதாவது தரை, அவன் வேலை செய்கிற இடத்தில் டேங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் எண்ணெய் எட்டு மடங்கு பிடிக்குமாம். புதிதாக வருகிற ஆட்கள் இரண்டு மடங்கு என்று சொல்லி மாட்டிக்கொள்வார்களாம். யாரும்மா அந்த மண்டு என்று கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றிக்கொண்டான். அவள் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

மாலில் கோலம் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் அவளுக்கு ஒன்று தெரியும்: தரையில் கிடக்கிற அரிசியை வாரி எடை போட்டால் ஐம்பது கிலோ இருக்கும், தேவமலர் பேர் அந்த நிமிடமே துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். மேனேஜருக்கு ஒரு போன் போதும். தினமும் காலையில் இன்றைக்குச் செய்துவிட வேண்டும் என்று எழுவாள். எடை போட்டால் எல்லாரும் கணக்கைக் கேட்பார்கள், கணக்கைக் கேட்டால் திலகவதியின் அளவு என்கிற பேர் போய்விடும். அந்தப் பேரைவிட்டால் தன்னிடம் வேறென்ன இருக்கிறது என்று ஒரு பயம். பதினோராவது நாள் வெட்கம் பயத்தை மிஞ்சி, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மாலுக்கே போனாள். தரை பளபளவென்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே கூட்டிக் குப்பையில் கொட்டியாகிவிட்டது, பண்டிகை முடிந்துவிட்டதே ஆன்ட்டி என்றார் மேனேஜர்.

மறுநாள் தொழிற்சாலையில், கை கழுவும் இடத்தில் வைத்துத் தேவமலரை நிறுத்தினாள். தப்பு என் மேல்தான், அரிசி சரியாகத்தான் வந்தது, நான்தான் குறைத்துக் கேட்டுவிட்டேன் என்று சொல்லி அவள் கையைப் பிடித்தாள். தேவமலர் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் முகமும் இளகவில்லை.

“இங்க பைப்படியில வச்சு சொன்னா யாருக்குக்கா கேக்கும்?”

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாதத்துக்காக எல்லாரும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது திலகவதி எழுந்தாள். தேவமலரும் வந்திருந்தாள், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். திலகவதி விரிப்பைத் தரையில் விரித்தாள், சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டாள், இழுத்துப் பக்கத்தில் போட்டாள், கோடு போட்டாள், நாலு கட்டம் வந்ததும் எண்ணிக் காட்டினாள். இது எட்டடி, இது நாலும் சேர்ந்தால் பதினாறடி. பத்து மூட்டை கேட்டிருக்க வேண்டும், ஐந்து கேட்டேன். மலர் ஒரு மணி அரிசி எடுக்கவில்லை. நான் கணக்குத் தெரியாமல் அவளைத் திருடி என்றேன். தெரிந்த பிறகும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல அவளுக்குக் கண்ணில் நீர் நிறைந்தது.

 கோமளா எழுந்துவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

“உன் மனசு யாருக்கும் வராது திலகா. அவளைக் காப்பாத்துறதுக்கு உன் தலையிலயே போட்டுக்கிறியே.”

இல்லையக்கா, நிஜமாகவே நாலு மடங்கு என்றாள் திலகவதி. டபுள் சைஸுக்கு டபுள் அரிசிதானே, அதெப்படி நாலு வரும் என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். இன்னொருத்தி, பாவம், அழுதழுது சொல்கிறது பார், பெரிய மனசு என்றாள். திலகவதி திரும்பவும் கட்டங்களை எண்ணிக் காட்டினாள். யாரும் கட்டத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். எடை போட்டுக் காட்டலாம் என்றால் அரிசி இல்லை. கோமளா தன் இடுப்பிலிருந்து ஸ்டோர் சாவியை எடுத்து, முறையெல்லாம் வேண்டாம், இனி இது உன்னிடமே இருக்கட்டும் என்று அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள்.

திலகவதி சாவியோடு வாசலுக்குப் போனாள். தேவமலர் முன்னால் நீட்டினாள். கெஞ்சுகிற மாதிரி, இன்னொரு தடவை சொல்கிறேன், புரிகிற மாதிரி சொல்கிறேன் என்றாள். தேவமலர் சாவியைத் தொடவில்லை. குனிந்து செருப்பை நேராக்கிக் காலை நுழைத்தாள்.

“விடுங்கக்கா. நீங்க என்னைத் திருடின்னு சொன்னப்ப ஒருத்தரும் கணக்கு கேக்கல.”

அவள் படியிறங்கிப் போன பிறகும் திலகவதி கையை மடக்காமல் நின்றாள். உள்ளேயிருந்து யாரோ, பிரசாதம் தருகிறார்கள், வாங்கக்கா, முதலில் நீங்கதான் வாங்கணும் என்று கூப்பிட்டார்கள்.